சினத்தின் அடியில்



“ஆண்பிள்ளை அழலாமா?” என்று கேட்டு வளர்ந்த ஒருவன், தந்தையை இழந்த துயரைக்கூடச் சினமாகவே வெளியிடுகின்றான். வீட்டார் அவனைக் கோபக்காரன் என்கின்றனர். தன் உள்ளம் புண்பட்டிருப்பதை அவனும் அறியான்.

கனடாவில் 1980களில் லெஸ்லி கிரீன்பேர்க், சூசன் ஜோன்சன் முதலானோர் வகுத்த உணர்ச்சிமைய உளவளத்துணை, இத்தகையோருக்குப் பெரிதும் பயன்படுவது. நிகழ்ச்சியொன்றால் நேரே எழும் உணர்ச்சி முதலுணர்ச்சி எனப்படும். அதனைத் தாங்கமாட்டாது பின்னர் எழுவது வழியுணர்ச்சி. அநீதி கண்டு எழும் சினம் முதலுணர்ச்சியே. துயரையும் நாணத்தையும் மூடிவரும் சினமோ வெறும் போர்வை.

“உமக்கு என்ன துயரம்?” என்று வினவினால், “ஒன்றுமில்லை” என்றே அவன் விடையிறுப்பான். ஆதலால் துணையாளர் உடலிலிருந்து தொடங்குகின்றார். நெஞ்சு இறுகுகின்றதா, தொண்டை அடைக்கின்றதா என்று வினவி, அதற்குரிய சொல்லை அவனே கண்டுகொள்ளும்வரை பொறுத்திருக்கின்றார். பின்னர் எதிரே வெறுங்கதிரை ஒன்றை இட்டு, மறைந்த தந்தை அதில் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசச் செய்கின்றார். உயிரோடிருந்தபோது சொல்லாத சொற்கள் அங்கே வெளிவருகின்றன. சினம் தணிந்து கண்ணீர் பெருகுகின்றது.

2019ஆம் ஆண்டில் உலகில் ஆண்களின் தற்கொலை வீதம் பெண்களினதைவிட இருமடங்குக்கு மேற்பட்டிருந்ததென உலக சுகாதார நிறுவனம் கணித்தது. இதற்குக் காரணங்கள் பல. எனினும், துயரைத் துயரென்று சொல்லப் பழகியவனுக்கே உதவி கேட்கவும் வாய் திறக்கும். ஆகவே, வீட்டில் ஒருவர் ஓயாது சினந்தால், அவரைக் கடியுமுன் அவர் இழந்தது யாதென்று கேளுங்கள்.