தொழில் முனையும் பெண்ணுக்கு முதல் எங்கே?



காவிரிப் படுகையை நெற்களஞ்சியம் என்று சொல்லாத வாய் இல்லை. அந்தக் களஞ்சியத்தை நிரப்ப நாற்று நட்ட கை யாருடைய கை? களை பறித்த கை யாருடைய கை? நெல்லை அவித்து, உலர்த்தி, உரலிலிட்டுக் குற்றி, முறத்தில் புடைத்து அரிசியாக்கிய கை யாருடைய கை? பெண்ணின் கை. ஆனால், நிலத்தின் பட்டாவில் இருக்கும் பெயர் யாருடையது? அரிசி ஆலையின் உரிமத்தில் இருக்கும் பெயர் யாருடையது? நெல் விற்ற பணம் சென்று சேரும் வங்கிக் கணக்கு யாருடையது? இவ்வினாக்களுக்கு விடை காண ஏடு புரட்ட வேண்டுவதில்லை. தஞ்சையிலிருந்து நாகை வரை எந்தச் சிற்றூரில் நின்று கேட்டாலும் போதும்.

பெண்கள் தொழில் முனைய வேண்டும் என்று இன்று அரசு சொல்கிறது; வங்கி சொல்கிறது; மேடைதோறும் சொல்கிறார்கள். நல்லதே. ஆயினும், பெண்ணுக்குத் துணிவு போதாது, திறமை போதாது, ஆகவே அவளை ஊக்க வேண்டும் என்பதுபோலவே அவ்வறிவுரைகள் அமைந்துவிடுகின்றன. நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றிற்கா? அவளிடம் இல்லாதது துணிவன்று, திறமையன்று. அவளிடம் இல்லாதது முதல்!

தமிழ்ப் பெண்ணுக்கு வணிகம் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகளைக் காட்டுகிறார். அவள் விடியலில் தயிர் கடைகிறாள். மோரைத் தலையிற் சுமந்து சென்று விற்கிறாள். அதற்கு மாற்றாகப் பெற்ற கூலத்தால் தன் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போதோ, விலையாகப் பொன்னைக் கொள்ளாமல், எருமையும் ஆவும் கன்றுமாகப் பெற்றுக்கொள்கிறாள். இதன் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மோரின் வருவாய் அன்றாடச் சோற்றுக்கு. நெய்யின் வருவாய் தொழிலின் முதலுக்கு. பொன் பெட்டியில் உறங்கும், எருமையோ பெருகும். ஊதியத்தை மீண்டும் முதலாக்கும் இந்த நெறியைத்தான் இற்றை மேலாண்மைக் கல்லூரிகள் பாடமாக நடத்துகின்றன. எழுத்தறிவு, பட்டம் என்ற பேச்சே எழாத முல்லை நிலத்துப் பெண் அதனைச் செய்து காட்டினாள். எவ்வாறு அவளால் இயன்றது? ஈட்டியது அவள் கையிலேயே இருந்தது, அதனால் இயன்றது.

தஞ்சைப் பெருவுடையார் கோவிற் கல்வெட்டையும் எண்ணுக. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயரும், அவளுக்குரிய வீடும், அவளுக்குரிய பங்கும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவர்கள் கோவிற் பணிக்கெனக் கட்டுண்டவர்கள் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அந்த முறையைப் போற்றவும் வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று தெளிவு. பங்கு உண்டென்றால் பெயரை எழுதியாக வேண்டும் என்பது அந்நாளைய அரசுக்குத் தெரிந்திருந்தது. அக்கோவிலின் நிழல் விழும் ஊர்களிலே, இன்று தன் பெயரில் ஒரு காணி நிலமும் இல்லாத பெண்கள் எத்தனை பேர்!

பெண்ணின் தொழில் அவள் கையை விட்டு எவ்வாறு போயிற்று? நெல் குற்றுதல் ஒன்றே தக்க சான்று. ஊர்தோறும் உரலும் உலக்கையுமாக ஏழைப் பெண்டிர் கூலிக்கு நெல் குற்றிப் பிழைத்த காலம் ஒன்றிருந்தது. ஆலைப் பொறி வந்தது. கைக்குற்றல் தொழிலைக் காக்கும் நோக்குடன் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த 1958-இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. சட்டம் ஏட்டில் இருந்தது. ஆலை ஊரில் பெருகிற்று. பின்னாளில் அச்சட்டமும் நீக்கப்பட்டது. பொறி வந்தது குற்றமன்று. உலக்கையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது கருத்தன்று. பொறியை வாங்கும் முதல் எவனிடம் இருந்ததோ அவன் ஆலையின் உடையவன் ஆனான். தொழிலை அறிந்திருந்த பெண், அவனுடைய களத்திலே நெல் துழாவும் கூலியாள் ஆனாள். தொழில் அறிவு ஓரிடத்திலும் முதல் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து கிடந்ததன் விளைவு அது.

அப்பிரிவினை இன்றும் நீங்கவில்லை. 2013-14-இல் நிகழ்ந்த ஆறாம் பொருளியல் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இயங்கிய தொழிலகங்களுள் பெண்கள் நடத்தியவை ஏறத்தாழ 14 விழுக்காடு. அவற்றுள் மிகுதியானவை இருந்த மாநிலம் தமிழ்நாடு. இதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்துவது தவறன்று. ஆனால், அதே கணக்கு மேலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. பெண்கள் நடத்திய அத்தொழிலகங்களுள் ஏறத்தாழ 79 விழுக்காடு சொந்தப் பணத்தையே முதலாகக் கொண்டவை. ஏறத்தாழ 83 விழுக்காட்டில் கூலிக்கு அமர்த்திய ஆள் ஒருவர்கூட இல்லை. இதன் பொருள் என்ன? இட்டலிக் கடை, தையற்பொறி, கறவை மாடு, பூக்கூடை என்று அவளே உடையவளும் அவளே உழைப்பாளியுமாகத் தனித்து நிற்கிறாள். ஒருவர் உழைப்பால் எவ்வளவு இயலுமோ அவ்வளவோடு அந்தத் தொழில் நின்றுவிடுகிறது. முளைத்தது ஏராளம், கிளைத்தது மிகச் சில.

கடன் கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். கிடைக்கிறது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தோன்றியது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் தன்னுதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. பின் மாநிலமெங்கும் பரவின. வட்டிக்காரனின் வாயிலில் நின்ற பெண்ணை அவை வங்கியின் வாயிலுக்குக் கொண்டு வந்தன. அந்த நன்மையை மறுப்பார் நன்றி கொன்றார் ஆவர். ஆனால், குழுவுக்கு வரும் கடன் பத்து முதல் இருபது பேருக்குப் பங்கிடப்படுகிறது. ஆளுக்கு வரும் பங்கில் ஆடு வாங்கலாம். மாவரைக்கும் பொறியும் உலர்த்தும் பொறியும் வாங்கி ஒரு தொழிற்கூடம் அமைக்க இயலாது. 2015-இல் வந்த முத்ரா கடனும் அத்தகையதே. அதனைப் பெற்றோருள் பெரும்பான்மையர் பெண்களே. அவர்கள் பெற்றதோ பெரும்பாலும் 50,000 உருபாவுக்கு உட்பட்ட முதற்படிக் கடனே.

இனி, தவணையைப் பார்ப்போம். நுண்கடன் நிறுவனங்கள் வாரந்தோறும் தண்டுகின்றன. படுகை நாட்டிலோ பணப் புழக்கம் வாரத்தை ஒட்டி வருவதன்று. அறுவடையை ஒட்டி வருவது. தையிலும் மாசியிலும் நெல் விற்றால்தான் கடைக்காரிக்குப் பழம்பாக்கி வரும். மேட்டூர் அணை சூன் 12-இல் திறந்தால் குறுவை உண்டு. 2024-இல் நடந்ததுபோல் சூலை 28-இல் திறந்தால் குறுவை குன்றும். குறுவை குன்றினால் ஊரில் வாங்குவார் கை சுருங்கும். வாங்குவார் கை சுருங்கினாலும் தவணை சுருங்குமா? ஒரு கடனை அடைக்க மறு கடன், அதை அடைக்க வேறு கடன் என்று சுழலில் சிக்குகிறாள். கடன் தண்டுவோரின் அடாவடியைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. நெல்லுக்குப் பருவம் உண்டென்றால், நெல் நாட்டுக் கடனுக்கும் பருவம் வேண்டாவா?

வேறு தடைகளும் உள. கடன் கேட்டு வருபவள் பெண்ணென்றால், சட்டம் கேளாத கணவன் கையெழுத்தை அலுவலர் கேட்பதுண்டு. பெண்ணுக்கென ஒதுக்கிய சலுகைக் கடனை மனைவி பெயரில் வாங்கிக் கணவனே தொழில் நடத்துவதும் உண்டு. ஊதியம் அவனுக்கு, கடனாளி என்ற பெயர் அவளுக்கு! விளங்காத ஆங்கில ஒப்பந்தத் தாளில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திடும் கொடுமையும் உண்டு. பொதுமக்களுக்கான வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தியோடு மாநில மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பது இந்தியக் காப்பு வங்கியின் நெறிமுறையே ஆகும். ஆகவே, தமிழில் தாருங்கள் என்று கேட்பது இரத்தலன்று, உரிமை. எவ்வளவு வட்டி, எத்தனை தவணை, தவறினால் என்ன நேரும் என்பதைத் தன் மொழியில் படித்தறியாதவள் எவ்வாறு முனைவோள் ஆவாள்?

இவற்றிற்கெல்லாம் அடியில் கிடப்பது ஒரு வேர்: சொத்து. பெருங்கடனுக்கு ஈடு கேட்கிறார்கள். ஈடு காட்ட நிலம் வேண்டும், மனை வேண்டும். அவை பெண்ணிடம் இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் சென்றபின் தமிழ்நாட்டரசு இந்து மரபுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 1989 மார்ச்சு 25 முதல், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போன்றே மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள். அந்நாளுக்கு முன் மணமானவர்கள் மட்டும் விடுபட்டனர். 2005-இல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தம் அக்குறையையும் நீக்கியது. முன்பே முறைப்படி முடிந்துவிட்ட பங்கீடுகளை அது கிளறுவதில்லை. தந்தை 2005-இல் உயிரோடு இல்லாவிடினும் மகளுக்குப் பங்குண்டு என 2020-இல் உச்ச நெறிமன்றம் ஐயம் தீர்த்தது.

சட்டம் கொடுத்ததை வழக்கம் பறித்துக்கொள்கிறது. தந்தை மறைந்து பதினாறாம் நாள் கழிந்ததும், உடன்பிறந்தவளைப் பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் செல்கிறார்கள். அவள் கையெழுத்திடும் தாளுக்கு என்ன பெயர் தெரியுமா? விடுதலை ஆவணம்! தன் பங்கை விட்டுவிட்டேன் என்று அவள் எழுதிக் கொடுப்பதற்கு விடுதலை என்று பெயர். அத்தமிழ்ச் சொல்லுக்கு இதனினும் பெரிய இழிவு நேர்ந்ததில்லை. மேடையில் இன விடுதலை முழங்கியவரும், மொழிக்காகச் சிறை சென்றவரும், தம் தங்கையிடம் இந்த விடுதலையை எழுதி வாங்கத் தயங்குவதில்லை. பிறரைக் குறை கூறுமுன் தமிழ் உணர்வாளர் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

அவள் ஏன் எழுதிக் கொடுக்கிறாள்? அறியாமையால் அன்று, அச்சத்தால். பங்கு கேட்டால் பிறந்தகத்துக் கதவு அடைபடும். பிள்ளையின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் வரமாட்டான். பொங்கற்சீர் நின்றுபோகும். புகுந்த வீட்டில் ஓர் இடர் நேர்ந்தால் வந்து அமர ஒரு திண்ணை இராது. அந்தத் திண்ணைக்காக நிலத்தை விடுகிறாள். திருமணத்திற்கு நகை போட்டோமே, அதுதான் அவள் பங்கு என்பார்கள். அந்நகை எங்கே போகிறது? குறுவைக்கு உரம் வாங்கவும் கணவனின் தொழில் நொடித்தால் தூக்கி நிறுத்தவும் அடகுக்கடைக்குப் போகிறது. மகளுக்குப் பொன், மகனுக்கு நிலம் என்று பிரிப்பது, உறங்கும் பொருளை அவளுக்கும் பெருகும் பொருளை அவனுக்கும் தருவதே. பொன்னை விட்டு எருமையைக் கேட்ட ஆய்மகள் இவர்களினும் கணக்கறிந்தவள்!

நிலம் பெண் பெயரில் வந்தால் என்ன ஆகும்? இந்த மண்ணிலேயே காட்டு உண்டு. 1968 திசம்பர் 25-இல் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து மடிந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதன்பின் அங்குச் சென்று தங்கிப் பணியாற்றிய கிருட்டிணம்மாள் செகந்நாதன், கணவரோடு சேர்ந்து 1981-இல் உழுவார் நில விடுதலைக்கென இலாப்டி என்னும் அமைப்பை நிறுவினார். நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்கி, ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் என, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு அவ்வமைப்பு வழங்கியது. ஆவணம் எழுதப்பட்டது பெண்ணின் பெயரில். குடிக்கு அடிமையான கணவனாலும் அவள் கையெழுத்தின்றி அந்நிலத்தை விற்க இயலாது. அங்கும் விடுதலை என்ற சொல் இருந்தது. அது பெண்ணிடமிருந்து நிலத்தைப் பறிக்கவில்லை, நிலத்தைப் பெண்ணிடம் சேர்த்தது. அதுவே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

ஆகவே, பெருமக்களே, செய்ய வேண்டுவன இவை. மகளின் பங்கை அவள் கேட்கும் வரை காத்திராமல், தந்தை உயிரோடிருக்கும்போதே அவள் பெயரில் எழுதி வைத்தல் வேண்டும். 2025 ஏப்ரல் முதல், 10 இலக்கம் உருபா வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று தமிழ்நாட்டரசு அறிவித்துள்ளது, அதனைப் பயன்கொள்க. அண்ணன்மார் விடுதலை ஆவணம் கேளாதிருத்தல் வேண்டும். பங்கு பெற்ற தங்கைக்கும் சீர் கொண்டு செல்லுதல் வேண்டும். குழுப் பெண்டிர் தனித்தனியே சிறுகடன் பிரித்துக்கொள்வதை விடுத்து, ஐவர் பதின்மர் கூடி ஒரு பொறியை வாங்குதல் வேண்டும். தஞ்சையில் நடுவணரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெல் பக்குவ ஆராய்ச்சி நடுவமாக இருந்து வளர்ந்தது அது. அங்குப் பயிற்சி பெறலாம். பொருளைச் செய்து பார்க்கலாம். மாப்பிள்ளைச் சம்பாவை நெல்லாக விற்பதைவிட அவலாகவும் மாவாகவும் விற்றால் ஊதியம் கூடும். படுகையின் கடன் தவணை அறுவடையை ஒட்டி அமைய வேண்டும் என வங்கிகளிடம் வலியுறுத்துதல் வேண்டும்.

பெண்ணுக்கு ஊக்கவுரை போதும். அது செவி நிறைய இருக்கிறது. இனி அவளுக்குத் தர வேண்டியது அவளுக்குரிய பங்கு. தாய்மொழி காக்கப் புறப்பட்டோர் முதலில் தாய்க்கும் தமக்கைக்கும் தங்கைக்கும் மகளுக்கும் உரியதை எண்ணிக் கொடுக்கட்டும். மேட்டூரில் திறந்த நீர் மடை கட்டிய வயலுக்குப் பாயாது. மடையைத் திறவுங்கள், பயிர் தானே வளரும்!