கையெழுத்துப் போடப் போகும் கைகளுக்கு

(யானைக்கவுனியில் நடைபெற்ற மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையிலிருந்து)

 

எனக்கு முன் பேசியவர்கள் நீட் தேர்வு பற்றியும் கலந்தாய்வு பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். இன்ஷா அல்லாஹ், உங்களில் சிலர் பக்கத்திலிருக்கும் ஸ்டான்லியிலேயே சேர்வீர்கள். நான் பேச வந்தது அதற்குப் பிறகு வரும் ஒரு நாளைப் பற்றி. ஒரு தாளை நீட்டி, "டாக்டர், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்பார்களே, அந்த நாளைப் பற்றி.

வெகுதூரம் போக வேண்டாம். 2004 டிசம்பர் சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களை எர்ணாவூரில் தற்காலிகக் குடியிருப்புகளில் வைத்தார்கள். கடல் தூரமாயிற்று, வருமானம் போயிற்று, கடன் ஏறிற்று. 2007 ஜனவரியில், அங்கிருந்த பெண்கள் பலர் கிட்னியை விற்றிருக்கிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது.

சட்டம் இல்லாததாலா இப்படி நடந்தது? இல்லை. ஒரு காலத்தில் வில்லிவாக்கத்தையே 'கிட்னிவாக்கம்' என்று அழைத்தார்கள். அதன் பிறகுதான் 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பதும் வாங்குவதும் குற்றமாயிற்று. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், கணவன், மனைவி போன்ற நெருங்கிய உறவினர் தரலாம். மற்றவர் 'அன்பின் காரணமாக' தருவதானால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த 'அன்பு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் புரோக்கர் உள்ளே வருகிறான்! முன்பின் பார்த்திராத பணக்காரர் மீது தண்டல் கட்ட முடியாத ஒரு பெண்ணுக்குத் திடீரென்று எங்கிருந்து அன்பு வரும்? இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டதால்தான் எர்ணாவூர் நடந்தது.

2011 திருத்தத்தின்படி இந்த வியாபாரத்துக்குப் பத்தாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அப்படியும் நின்றதா? 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்ற செய்தி வந்தது. உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. எல்லோரும் புரோக்கரைத்தான் திட்டுகிறோம். புரோக்கரால் கிட்னியை எடுக்க முடியுமா? கத்தி இருப்பது டாக்டர் கையில்.

"பணம் கொடுத்து வாங்குவதைச் சட்டபூர்வமாக்கிவிட்டால் என்ன?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஈரானில் 1988 முதல் அரசே பணம் தரும் ஏற்பாடு இருப்பதை உதாரணம் காட்டுகிறார்கள். டயாலிசிஸில் கிடக்கும் நோயாளியின் வீட்டார் இப்படிக் கேட்டால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் விற்றவரின் கதி என்ன என்பதற்கு நம் சென்னையிலேயே கணக்கு எடுத்திருக்கிறார்கள். கிட்னி விற்ற 305 பேரை 2001-ல் சந்தித்து எடுத்த ஆய்வு, 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றவர்கள். பேசிய தொகையைவிடக் கைக்கு வந்தது குறைவு. நான்கில் மூன்று பேர் விற்ற பிறகும் கடனாளிகளே! குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 சதவீதம் பேர் உடல்நலம் கெட்டது என்றார்கள். விற்றவர்களில் பெண்களே அதிகம். சம்பாதிக்கும் புருஷன் உடம்பு கெடக் கூடாதாம்.

டாக்டராகப் போகும் தம்பிகளே, இன்னொன்றையும் கவனியுங்கள். கிட்னி கொடுத்தவருக்கும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ரத்தம், சிறுநீர் பரிசோதிக்க வேண்டும். பொய்ச் சொந்தம் காட்டிப் படுத்தவள் மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலை எப்படி மிதிப்பாள்?

வணிகப் பெருமக்களே, இது டாக்டர்கள் விஷயம் என்று நீங்கள் ஒதுங்க முடியாது. 96 பேர் கடனுக்காக விற்றார்கள் என்றால், நோயின் வேர் வட்டிக் கடையில் இருக்கிறது. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரமளானில் சேலையும் அரிசியும் பிரித்துக் கொடுக்கிறோம், நல்லதுதான். பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென்று எத்தனை மஹல்லாக்களில் தனிக் கணக்கு இருக்கிறது? கடன்பட்டவன் முதலில் ஜமாஅத் வாசலுக்கு வந்தால் புரோக்கரிடம் போகமாட்டான்.

விற்பனையை மறுத்தால் மட்டும் நோயாளி பிழைத்துவிடமாட்டார். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெறுவது இன்னொரு வழி. 2008-ல் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழகமே விழித்தது. 2023-ல், உறுப்பு தந்தவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று அரசு அறிவித்தது. நம் சமுதாயம் எங்கே நிற்கிறது? 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளுடன் அனுமதித்தது, விற்பனையைத் தடுத்தது. நம் நாட்டு உலமாக்களில் இதை ஏற்காதவர்களும் உண்டு. மூளைச்சாவு மரணம்தானா என்ற ஐயமும் உண்டு. அந்த ஐயம் மதிக்கத் தக்கது. ஆனால் பெற்றுக்கொள்ளும் வரிசையில் மட்டும் பெயர் கொடுத்துவிட்டு, கொடுக்கும் பேச்சு வரும்போது மௌனம் காப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வடசென்னை ஆலிம்களையும் சிறுநீரக மருத்துவர்களையும் ஒரு நாள் முழுக்க ஒரே அறையில் உட்கார வைப்போம். முடிவு எதுவானாலும் எழுதி வெள்ளிக்கிழமை மிம்பரில் வாசிக்கட்டும். மண்டபச் செலவை ஏற்பவர் யார் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.