காரின் முகமும் காற்றின் வழியும்

ஆனி, ஆடி மாதங்களில் பண்பொழி வயல்வரப்பில் நிற்பவர்க்குக் காற்றின் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலைத்தொடர் காற்றை மறித்து நிற்கிறது. செங்கோட்டைக் கணவாய் அதற்கு வழிவிடுகிறது. பரந்து வரும் காற்று குறுகிய வாயிலுக்குள் நுழைகையில் விரைவு மிகுகிறது. ஓட்டத்தில் விரைவு மிகும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மாணவ நண்பர்களே, இவ்விரு உண்மைகளும் போதும். பந்தயக் காரின் முகப்பை நாம் ஆராயலாம்.

சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று பின்னர்ப் பல்லாண்டுகள் கார்ப் பந்தயக் களமாக விளங்கியது. விமானம் தரையை விட்டு எழுவதற்கென இட்ட பாதையில், தரையை விடவே கூடாத வண்டிகள் ஓடின! ஆனால் காற்று இந்த வேறுபாட்டை அறியாது. காரின் மேற்புறம் வளைந்தது. அதன்மீது காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது. மூக்கின் அடியில் புகுந்த காற்றோ மேடுபள்ளமான அடிப்பாகத்தில் மோதித் தேங்கி, வண்டியை மேல்நோக்கி உந்துகிறது. முன்சக்கரங்களின் பிடி தளர்கிறது, ஸ்டியரிங் இலேசாகிறது. வேகம் மும்மடங்கானால் இவ்விசை ஒன்பது மடங்காகும். 40 கிலோமீட்டரில் உணராத ஒன்று 120-இல் ஓட்டுநரின் கையைச் சோதிக்கும்.

இதற்கு எளிய மருந்து, பம்பரின் கீழே மோவாய்போல் இறங்கும் ஒரு தகடு. அடியில் புகும் காற்றை அது குறைக்கிறது. 1972-ஆம் ஆண்டு மாதிரியான போர்ஷே 911 எஸ் காரில் இத்தகைய மோவாய் அமைந்தது. (வேகத்தடைகள் மலிந்த நம் ஊர்ச் சாலைகளில் அழகுக்காக இதனை மாட்டுவோர், அதனை உடைத்துக்கொள்வதன்றி வேறு பயன் காணார்.)

மூக்கின் நடுவில் காற்று முட்டி நின்று அழுத்தம் மிகுகிறது. ரேடியேட்டருக்கு வாயில் வைக்க அதுவே தக்க இடம். உள்ளே சென்ற வெப்பக்காற்று எவ்வழி வெளியேறும்? அடியில் விட்டால் மீண்டும் வண்டியைத் தூக்கும். ஆகவே பானெட்டின் முற்பகுதியில், அழுத்தம் குறைந்த இடத்தில் திறப்பு வைப்பர். அங்கே வெளிக்காற்றே அதனை இழுத்துக்கொள்ளும். கண்ணாடியின் அடியோரத்தில் வைத்தால் பயனில்லை. அங்கே அழுத்தம் மிகுதி.

இன்னும் ஒருபடி மேலே செல்வது ஃபார்முலா ஒன் கார். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் அப்பந்தயத்தில் முதல் இந்தியராகக் களமிறங்கினார். அத்தகைய கார்களின் முன்னிறகு, தலைகீழாக்கிய விமான இறகே. அதற்கும் தரைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்து ஒரு சிறு செங்கோட்டைக் கணவாய்! காற்று அங்கே விரைந்து பாய, கீழே அழுத்தம் குறைந்து கார் தரையோடு ஒட்டுகிறது.

மூக்கு சற்றே உயர்ந்தால் என்னாகும்? 1999-இல் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தின்போது மெர்சிடிஸ் கார்கள் மும்முறை வானில் எழுந்து புரண்டன. முன்னே செல்லும் வண்டி கலக்கிய காற்றும் பாதையின் மேடும் சேர, மூக்கு தூக்கிற்று. அடியில் புகுந்த காற்று மற்றதைச் செய்தது. ஓட்டுநர்கள் உயிர் தப்பினர். எஞ்சிய காரை நிறுவனம் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது.

காற்று செல்லும் வழியைக் காணக் கம்பளி நூலே போதும். விரலளவு துண்டுகளைப் பானெட்டின்மேல் வரிசையாக ஒட்டி, பெரியவர் ஒருவர் காரை ஓட்டிச்செல்ல, வேறொரு வண்டியிலிருந்து படம்பிடிக்கலாம். நூல்கள் படிந்து பின்னோக்கிக் கிடக்கும் இடத்தில் காற்று உடலைத் தழுவிச் செல்கிறது. துடித்துத் திரும்பும் இடத்தில் பிரிந்துவிட்டது.