அச்சாரம் வாங்கிய தோப்பு



சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து கடையநல்லூருக்குப் பயணம் செய்தவர்கள், மேற்கே மேகம் கவிந்த மலையையும் அதன் அடிவாரத்து வயல்களையும் தோப்புகளையும் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு தோப்புக்குச் சொந்தக்காரரிடம் வியாபாரி ஒருவர் வந்து, "அண்ணாச்சி, ஆடி கடைசிக்குள்ள இருபது லட்சத்துக்கு இந்தத் தோப்ப நான் கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லப்படாது, அதுக்கு இந்த இருபதாயிரத்த வச்சுக்கிடுங்க, நான் கேக்காமப் போனாலும் திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் அச்சாரம் பேசிய விலையில் கழிந்துபோகும். இந்த அச்சாரமோ கழியாது, அது வேறு, விலை வேறு. கேட்கும் உரிமை வியாபாரிக்கு. கொடுக்கும் கடமை சொந்தக்காரருக்கு. பங்குச் சந்தையில், கைவசமுள்ள பங்கின்மேல் இவ்வாறு அச்சாரம் வாங்குவதைத்தான் 'கவர்டு கால்' என்கிறார்கள். அச்சாரத்துக்கு அங்கே பிரீமியம் என்று பெயர்.

இதைப் புதிய வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். பம்பாயில் பழைய வியாபாரிகள் 'தேஜி', 'மந்தி' என்ற பெயர்களில் நடத்திவந்த, சாமர்த்தியமும் சூதும் சரிபாதியாகக் கலந்த இந்த விவகாரத்தை 1956-ஆம் ஆண்டின் பத்திர ஒப்பந்தச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. 1995-இல் அத்தடை நீங்கி, 2001 ஜூலையில்தான் தனிப் பங்குகளின் மீதான இத்தகைய உரிமை ஒப்பந்தங்கள், அதாவது ஆப்ஷன்கள், தேசியப் பங்குச் சந்தையில் வியாபாரத்துக்கு வந்தன.

கணக்கைப் பார்ப்போம்; எண்கள் என் கற்பனையே. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில், 500 ரூபாய் வீதம் ஆயிரம் பங்குகள் வாங்கி வைத்திருக்கும் ஒரு கடையநல்லூர்ப் பெரியவர், மாத முடிவில் 520 ரூபாய்க்குத் தருவதாக ஒப்பி, பங்குக்கு 8 ரூபாய் வீதம் 8,000 ரூபாய் பெறுகிறார். விலை 520-ஐத் தாண்டாமல் தவணை முடிந்தால் பணமும் அவருக்கு, பங்கும் அவருக்கு. பெரும்பாலான மாதங்கள் இப்படியே சுகமாகக் கழிவதால்தான் இதில் மனிதருக்கு ருசி ஏற்படுகிறது. ஆனால் ஏதோ ஒரு மாதம் விலை 600-க்கு ஏறிவிட்டால், பிரீமியம் சேர்த்து 528-தான் அவர் கைக்கு வரும். விட்டுப்போனது 72,000 ரூபாய். 420-க்கு விழுந்துவிட்டாலோ, வாங்கிய எட்டு ரூபாய் போக, அதே 72,000 ரூபாய் நஷ்டம் அவர் தலையிலேயே விடியும். ஏற்றத்தை விற்றாயிற்று, இறக்கத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகையால் இதை 'உபரி வருமானம்' என்று அழைப்பதற்கு என் மனம் ஒப்புவதில்லை; தமக்கு வரக்கூடிய அதிர்ஷ்டத்தை முன்கூட்டியே விற்றுப் பெற்ற கிரயம் அது.

இன்னொன்று. இருபது பங்கு, ஐம்பது பங்கு வைத்திருப்பவருக்கு இதில் இடமில்லை. 'லாட்' என்று சந்தை நிர்ணயித்த முழுத் தொகுதி, பல லட்சம் பெறுமானமுள்ளது, கையில் இருக்க வேண்டும், அதன்மேல் தரகரிடம் மார்ஜின் என்ற பிணைத்தொகையும் கட்ட வேண்டும். 2019 அக்டோபருக்குப் பின் எல்லாத் தனிப்பங்கு ஆப்ஷன்களும் பங்கையே கையளித்துத் தீர்க்கப்படுவதால், முடிவு நாளில் விலை மேலே நின்றால் டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறியே தீரும்.

முஸ்லிம்கள் நிறைந்த கடையநல்லூர் போன்ற ஊரில் எழக்கூடிய மார்க்க சம்பந்தமான கேள்வியையும் நான் தவிர்க்கலாகாது. 1992-இல் ஜெத்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உலகச் சந்தைகளில் நடைபெறும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாதவை என்றே தீர்மானித்தது. விற்பனைக்கு உட்படும் பொருளாக வெறும் உரிமையை ஏற்க முடியாது என்பது அதன் நியாயம். அந்த வரம்பைப் பேணுபவர்கள் தங்கள் ஆலிமைக் கேட்ட பிறகே மேலே யோசிப்பது உசிதம்.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தரகருக்குப் போன் செய்வதற்கு முன், குறித்த விலைக்கு அந்தப் பங்கைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலைப் பத்திரிகையில் அதன் புதிய விலையைப் பார்த்த பின்னும் உங்களால் நிம்மதியாகக் காப்பி குடிக்க முடியுமா என்று வீட்டில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால், அந்தத் தோப்புக்கு அச்சாரம் வாங்காதீர்கள்.