பழைய கொம்பியூட்டரும் பழைய படங்களும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், புகைப்படக் குழுவின் சார்பில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே மண்டபத்தில் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். காலையிலிருந்து குறைந்தது இருபது பேராவது, "எந்த ஸ்டூடியோவில் குடுத்துச் செய்தீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். ஸ்டூடியோவில் கொடுக்கவில்லை. நம் கல்லூரிக் கணினி அறையின் மூலையில், பழைய திரைச்சீலையால் போர்த்தி வைத்திருந்த ஒரு கொம்பியூட்டரில்தான் எல்லாம் செய்தோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் சங்கம் எங்களுக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறது. கூடினால் மன்னிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு தொடக்கத்தில், "உங்களிடம் உள்ள பள்ளிக்கூடப் படங்களைத் தாருங்கள்" என்று கேட்டபோது நூறு படம் வந்தால் பெரிது என்று நினைத்தோம். மாத்தளையில் பழைய படம் கிடைப்பது லேசான காரியமல்ல என்பது உங்களுக்குத் தெரியும். 1983 ஜூலையில் நகரில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அல்பங்களும் எரிந்தன. அதற்கு முன்பே, 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டன. அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பாஸ்போட்டுக்கு எடுத்த குடும்பப் படத்தை விட்டால் வேறு படமே கிடையாது. ஆனாலும் படங்கள் வந்தன. றத்தோட்டையிலிருந்து, உக்குவளையிலிருந்து, எல்கடுவையிலிருந்து வந்தன. ரொறன்ரோவிலிருந்து வந்தன. நீலகிரியில் கோத்தகிரியில் இருக்கும் ஓர் அக்கா, தகரப் பெட்டிக்குள் ஐம்பது வருடமாகப் பத்திரப்படுத்திய வகுப்புப் படத்தை, வந்தவர் ஒருவரின் கையில் கொடுத்தனுப்பினார். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், கறுப்பு வெள்ளை, தடித்த அட்டையில் ஒட்டியது. அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

படங்களை இலக்கத்தில் ஏற்றத் தொடங்கியதும் கரைச்சல் ஆரம்பித்தது. கொம்பியூட்டர் எழும்ப ஏழு நிமிடம். ஒரு படத்தைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு புள்ளியை அழித்தால் திரை உறைந்துவிடும். "புதுசு ஒன்று வாங்குவோம்" என்று விலை கேட்டோம். நல்ல மொனிட்டரோடு நாலரை இலட்சம் ரூபா என்றார்கள். சங்கத்தின் கையிருப்பு முழுவதையும் துடைத்தாலும் போதாது. அதில் புலமைப்பரிசில் பணமும் இருக்கிறது.

நோய் எது என்று பார்க்காமல் மருந்து எழுதக்கூடாது என்பது வைத்தியர்களான எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் பாடம். ஆனால் வீட்டுச் சாமான் என்று வந்துவிட்டால் நாங்களும் அதை மறந்து விடுகிறோம். திருகோணமலை வீதியில் கொம்பியூட்டர் திருத்தும் ஒரு தம்பிதான் ஞாபகப்படுத்தினார். "டொக்டர், முதல்ல எங்க மூச்சு முட்டுதுன்னு பாப்போம்" என்று டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொன்னார். ஒரு படத்தைத் திறந்தோம். மூளை என்று சொல்கிற புரொசஸர் கால்வாசிக்கு மேல் வேலை செய்யவில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் நூறு வீதத்தில் நின்றது. ரேம் நிறைந்து வழிந்தது.

ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். கோத்தகிரிப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால் அகலத்தில் 6000, உயரத்தில் 7200, ஆக 4 கோடியே 32 இலட்சம் புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிறத்தில் மட்டும் எடுக்கக்கூடாது. பூஞ்சணக் கறை மஞ்சள், பழைய பசை பழுப்பு. நிறத்தோடு எடுத்தால்தான் எது படம், எது கறை என்று பிரித்துப் பார்க்க முடியும். நிறத்தோடு, நுணுக்கமான 48 பிட்டில் எடுத்தால் ஒரு புள்ளிக்கு 6 பைட். மொத்தம் ஏறக்குறைய 260 எம்பி. அதன்மேல் திருத்தத்துக்கு நாலைந்து படைகள், பின்னோக்கிப் போக வசதியாக மென்பொருள் நினைவில் வைத்திருக்கும் பழைய நிலைகள். எங்கள் கொம்பியூட்டரில் இருந்ததோ 4 ஜிபி ரேம். அதிலும் பெரும் பங்கை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். இடம் போதாதபோது மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும், தேவைப்பட்டதும் ஓடிப்போய் எடுத்து வரும். ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் சுழலும் தட்டும் அதன்மேல் நகரும் ஒரு கையும். ஒவ்வொரு தடவை தேடவும் ஆயிரத்தில் பத்துப் பங்கு விநாடி வரை ஆகும். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு நேரம் போதும்.

ஆகவே புதுக் கொம்பியூட்டர் வேண்டாம் என்று முடிவாயிற்று. 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. கொழும்புக்குப் போன எங்களில் ஒருவர் பம்பலப்பிட்டியில் வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்து ரேமைப் பொருத்தப் பார்த்தால் நீளமே பாதிதான். மடிக்கணினிக்கு உரியதை வாங்கி வந்திருக்கிறார்! பழுதில் பாதி அவருடையது, பாதி எங்களுடையது. "ரேம்" என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்தோம். அதில் டிடிஆர்3, டிடிஆர்4 என்ற தலைமுறை இருக்கிறது, ஒன்றின் வெட்டு மற்றதன் குழியில் பொருந்தாது, மேசைக் கணினிக்கு ஒன்று, மடிக்கணினிக்கு வேறொன்று என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களில் யாராவது வாங்கப் போனால், உள்ளே இருக்கும் பழைய ரேமின் மேல் ஒட்டிய லேபலைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். எஸ்எஸ்டியிலும் அப்படித்தான். புதுக் கொம்பியூட்டருக்குரிய பட்டையான எம்.2 வகை எங்கள் மதர்போர்ட்டில் ஏறாது. சாட்டா கேபிள் பூட்டும் இரண்டரை அங்குல வகைதான் ஏறும்.

மாற்றிக் கொடுத்துவிட்டுச் சரியானதை வாங்கிப் பூட்டினோம். தம்பி உள்ளே இருந்த தூசியை ஊதித் தள்ளினார். பல்லி முட்டை இரண்டும் வந்தது. புரொசஸருக்குப் புதுப் பசை பூசினார். அப்படியே சட்டைப் பொத்தான் அளவு பட்டரி ஒன்றையும் மாற்றினார். சிஆர்2032 என்று கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். எல்லாவற்றிலும் மலிவானது அதுதான். ஆனால் அது செத்திருந்தபடியால் ஒவ்வொரு நாளும் கொம்பியூட்டர் பழைய திகதிக்கே திரும்பியிருக்கிறது. நாங்கள் அதுவரை ஏற்றிய படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே பொய்த் திகதிதான் விழுந்திருந்தது. எந்தப் படம் யாரிடமிருந்து எப்போது வந்தது என்று கொப்பியைப் பார்த்துத் திரும்ப ஒழுங்குபடுத்த மூன்று சனிக்கிழமைகள் போயின.

மொத்தச் செலவு நாற்பதாயிரத்துக்கு உள்ளே. ஏழு நிமிடம் முக்கால் நிமிடம் ஆயிற்று. மிச்சப்படுத்தியதில் நிறம் கோணாத ஐபிஎஸ் மொனிட்டர் ஒன்றும், சித்திரை இடிமுழக்கத்துக்குப் பயந்து ஒரு யூபிஎஸ்ஸும், வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்கினோம். பழைய மொனிட்டரில் தலையை அசைத்தால் முகத்தின் நிறம் மாறும். எக்ஸ்ரே பார்க்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும். அந்த வயதுப் புரொசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. ஆகவே லினக்ஸ் மின்ட்டையும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளையும் போட்டுக்கொண்டோம். ஃபொட்டோஷொப் பழகியவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

இனிக் கோத்தகிரிப் படம். சாதாரண ஸ்கானரில் அது அடங்கவில்லை. இரண்டு பாதியாக எடுத்து ஒட்டினோம். மூன்றாவது வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் பிள்ளையின் முகத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பிள்ளை இருபது வயதைத் தாண்டவில்லை. அவருடைய தங்கை றத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். "அக்காட முகம் மறந்து போச்சு, பிள்ளை" என்று சொல்லியிருந்தார். வீட்டில் ஒரு படமும் இல்லை.

எங்களில் ஒருவரின் மகன், "இதுக்கு ஏன் இவ்வளவு பாடுபடுறீங்க?" என்று கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டான். அரை நிமிடத்தில் முகம் வந்துவிட்டது. பளிங்குபோல, கண் இமை முடிவரை தெளிவாக. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அச்சடித்து எடுத்துக்கொண்டு போனோம்.

தங்கை கண்ணாடியைப் போட்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "வடிவான பிள்ளதான். ஆனா இது எங்க அக்கா இல்ல" என்றார். "அக்கா கறுப்பு. புருவத்துல வெட்டுக்காயம் இருக்கும், சின்னதுல படிக்கட்டுல விழுந்தது."

ஜீப்பில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. அந்தச் செயலி தெரியாததைத் தெரியாது என்று விடவில்லை. வேறு எங்கோ பார்த்த ஆயிரக்கணக்கான முகங்களைக் கொண்டு ஒரு முகத்தைச் செய்து, நிறத்தையும் கூட்டிக் கொடுத்துவிட்டது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களும் பென்சிலால் நெகட்டிவில் தொட்டு நம் பிள்ளைகளை வெளுப்பாக்கியது உண்டு. ஆனால் அவர்கள் ஆளை மாற்றவில்லை.

திரும்பவும் தொடக்கத்திலிருந்து செய்தோம். அந்த வரிசையை மட்டும் 1200 புள்ளியில் எடுத்தோம். படத்தில் அந்த முகம் ஒரு சென்ரிமீற்றர் அகலம். 600இல் அதற்கு 236 புள்ளிதான், 1200இல் 472. பெரிய நெகட்டிவை நேரே தாளில் வைத்து எடுத்த பிரதி என்பதால் விவரம் உள்ளே இருந்தது. பழைய கொம்பியூட்டராக இருந்தால் இந்த இடத்தில் செத்திருக்கும். இப்போது உறையாமல் நின்றது. முகத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, பூஞ்சணப் புள்ளிகளை ஒவ்வொன்றாக, பக்கத்தில் உள்ள தோலின் சாயலைக் கொண்டு மூடினோம். பதினொரு இரவு. ஆறாவது இரவில், இடது புருவத்தின் மேல் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கீறல் என்று நினைத்து அழிக்கப் போன கையை, பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார்.

வலது கன்னத்தின் கீழ்ப் பகுதியில் பூஞ்சணம் படத்தையே தின்றுவிட்டது. அங்கே எதுவும் இல்லை. இல்லாததை நாங்கள் வரையவில்லை. மங்கலாக விட்டிருக்கிறோம். கண்காட்சியில் சில முகங்களில் அப்படி மங்கல் தெரிந்தால், வேலை முடியவில்லை என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது தடவை தங்கை எதுவும் சொல்லவில்லை. புருவத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அது செப்ரெம்பரில். நவம்பர் 28 டித்வா புயல் வந்தது. மாத்தளை மாவட்டம் பட்டது உங்களுக்குத் தெரியும். நம்மில் சிலர் அன்று உறவுகளை இழந்தோம். அந்தத் தங்கை உயிரோடு தப்பினார். லைன் அறையின் பின்சுவர் மண்ணோடு போய்விட்டது, படமும் போய்விட்டது. முகாமில் அவரைப் பார்க்கப் போனபோது மருந்தைக் கேட்கவில்லை. "அந்தப் படம் இன்னொன்று கிடைக்குமா?" என்றுதான் கேட்டார். கல்லூரிக் கொம்பியூட்டரில் இருந்தது. ஒரு ஹார்ட் டிஸ்கில் சங்க அலுமாரியில் இருந்தது. ரொறன்ரோத் தோழியின் வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது. அடுத்த வாரம் புதிதாக அச்சடித்துக் கொடுத்தோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்கானரும் அந்தக் கொம்பியூட்டரும் இன்று மாலை ஐந்து மணி வரை நூலகத்தில் இயங்கும். படம் கொண்டு வந்தவர்கள் இருந்த இடத்திலேயே ஏற்றிக்கொண்டு கையோடு திரும்பப் பெறலாம். எண்பதுகளில் எல்லோர் வீட்டிலும் இருந்த, பிளாஸ்ரிக் தாள் மூடிய ஒட்டும் அல்பங்களிலிருந்து படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். அல்பத்தோடு கொண்டு வாருங்கள், அப்படியே வைத்து எடுப்போம். எழுபதுகளின் கலர்ப் படங்கள் சிவந்து போயிருந்தால் எறிந்துவிடாதீர்கள். நீலச்சாயம் மங்கியதால் வந்த சிவப்பு அது, பெரும்பாலும் மீட்கலாம். புயலில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்கள் இருந்தால் இழுக்காமல் எங்களிடம் காட்டுங்கள்.

கோத்தகிரிப் படத்தில் இன்னும் நான்கு பேருக்குப் பெயர் தெரியவில்லை. முதல் வரிசையில் கடைசியாக இருப்பவர், மூன்றாவது வரிசையில் இரண்டு பேர், டீச்சரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிற ஒருவர். வாசலுக்கு வலப்பக்க மேசையில் பெரிதாக்கி விரித்து வைத்திருக்கிறோம், பக்கத்தில் பென்சிலும் இருக்கிறது. எழுபதுகளில் படித்த அக்காமார் சாப்பாட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.