பட்டாளத்து டாக்டரும் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்

 

பட்டாளத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டால், "குண்டடி பட்டவங்களுக்குக் கட்டுப் போடுவாருங்க" என்பீர்கள். அது பாதி வேலைதான். குடிதண்ணீரைச் சோதிப்பது, சமையற்கூடத்தையும் கக்கூசையும் கண்காணிப்பது, கொசுவை ஒழிப்பது ஆகியவற்றுக்கென்றே ராணுவத்தில் சுகாதார அதிகாரிகள் உண்டு. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் குண்டுக்குச் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களைவிட நோய்க்குச் செத்தவர்களே அதிகம். அந்தப் பாடத்துக்குப் பின்தான் பட்டாளத்தில் சுகாதாரத்துக்கு மதிப்பு வந்தது.

நம் நாட்டில் பிறந்த ரொனால்டு ராஸ் அப்படி ஒரு பட்டாளத்து டாக்டர். 1883-இல் பெங்களூரில் இருந்தபோது அவர் தங்கிய வீட்டில் கொசுத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. உள்ளே புழு நெளிந்தது. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்துவிட்டது! மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாம் என்றார். ஓர் அதிகாரி, "கொசுவும் ஏதோ காரணத்துக்காகப் படைக்கப்பட்டதுதானே, பொறுத்துப் போக வேண்டும்" என்று தடுத்துவிட்டாராம். பின்னர் ராஸ் பொதுச் சுகாதார டிப்ளமாவும் பெற்றார். 1897 ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அதிகாரியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நானும் அவரைப் போலத்தான் இருந்தேன். ஊர் ஊராகப் போய்க் கொசுவைப் பற்றிப் பேசுகிறவன், என் வீட்டுப் புழக்கடைப் பீப்பாயை மாதக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணியான என் மருமகளுக்கு டெங்கு வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. தாயும் சேயும் பிழைத்தார்கள். அந்த எட்டு நாளும் அந்தப் பீப்பாய்தான் என் கண்முன் நின்றது.

டெங்குவைப் பரப்புவது மலேரியாக் கொசு அல்ல. அது வேறு ஜாதி. சாக்கடையைத் தேடாது, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். தறியில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பகல் வேளையில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே:

வாரம் ஒருநாள், தறி ஓடாத நாளாகப் பார்த்து, தொட்டி, பீப்பாய், குடம் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடிருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, மறுபடி நிரப்பி மூடி வையுங்கள். கொட்டாங்கச்சி, பழைய டயர் இவற்றை அப்புறப்படுத்துங்கள்.

காய்ச்சல் கண்டால் கடை மாத்திரை வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கர்ப்பிணி என்றால் அன்றைக்கே வாருங்கள்.

"இதெல்லாம் பொம்பளை வேலை" என்று ஒதுங்காதீர்கள், ஐயா. நீங்கள் பீப்பாயைச் சாயுங்கள், அம்மா தேய்க்கட்டும். பட்டாளத்துக்குச் சுகாதார அதிகாரி ஒருவர் என்றால், உங்கள் வீட்டுக்கு நீங்கள் இருவர்.

இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் தொட்டியை எட்டிப் பாருங்கள்.