ஒரே திசை, ஒரே வண்டி
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



காலை வேளையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால், நால்வர் அமரத்தக்க கார்களில் பலவும் ஒருவரை மட்டுமே சுமந்து செல்வதைக் காண்கிறோம். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், நம்மவர் பலரின் அன்றாடப் பயணம் அடையாற்றைக் கடந்து தெற்கு நோக்கியே அமைந்துள்ளது. திசை ஒன்றாயிருக்க, வண்டிகள் நான்காக இருப்பானேன்?

யாரை யாருடன் சேர்ப்பது என்பதே முதற் கேள்வி. வீடு அருகில் இருப்பது மட்டும் போதாது. தரமணி செல்பவருக்கு அடையாற்றில் வசிப்பவர் வழியிலேயே கிடைப்பார். நுங்கம்பாக்கத்து நண்பரை ஏற்றவோ வடக்கே திரும்பிச் சென்று வர வேண்டும். எனவே பழக்கத்தைவிடப் பாதையும் நேரமும் பொருந்துவதே முக்கியம்.

நால்வரை ஏற்றும் வரிசை 24 வகையில் அமையலாம். பத்துப் பேரானால் 36,28,800 வகை. பெரிய நகரங்களுக்குக் கணினி தேவைப்படுவது இதனால்தான். நியூயார்க்கில் 13,000க்கும் மேற்பட்ட டாக்சிகள் ஆற்றிய பணியில் 98 விழுக்காட்டை, நால்வர் அமரும் 3,000 வண்டிகளே ஆற்ற இயலும் என 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். சராசரிக் காத்திருப்பு மூன்று நிமிடத்திற்கும் குறைவே.

நமக்குச் சிறு குழுக்களே போதும். வண்டி சந்துகளில் நுழைய வேண்டாம். மந்தைவெளியில் உள்ளவர் பேருந்து நிலையத்திற்கு நடந்து வந்துவிடலாம். ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்திற்கு முன்னரே வரம்பு வைத்துக்கொள்வது மனக்கசப்பைத் தவிர்க்கும்.

சொந்தக் காரில் கட்டணம் வாங்கி ஆளேற்ற 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆகவே பணம் கைமாறாமல், வாரம் ஒருவர் காராக முறை வைத்துக்கொள்வதே நலம். கார் இல்லாதவரையும் சேர்த்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். இருக்கை காலியாகச் செல்வதைவிட அவர் அமர்ந்து செல்வதே மேல்.

மாலைப் பயணமே கடினமானது. அலுவலகத்தில் ஒருவர் தாமதமானால் மற்ற மூவரும் தவிக்க நேரும். குறித்த நேரத்தில் வண்டி புறப்பட்டுவிட வேண்டும். தங்கியவருக்கு, 2007 முதல் வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயில் உண்டு. தரமணியில் ஏறி மந்தைவெளியில் இறங்கலாம். திரும்பும் வழி உறுதியானால்தான் காலையில் காரை வீட்டில் விட்டுவரத் துணிவு பிறக்கும். பெண்கள் தங்களுக்கெனத் தனிக்குழு அமைக்க விரும்பினால் அதற்கும் வழி செய்யலாம்.

ஏறுமிடம், சேருமிடம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம் ஆகிய நான்கையும் ஜமாஅத் அலுவலகத்தில் எழுதித் தருமாறு அனைவரையும் அன்புடன் வேண்டி அமைகிறோம்.